ஆனா

லைட் ஸ்திரீட்டில் மழை.
கீழே காவலறையிலிருந்து ஊதாச் சட்டைகள்
ஒரு விலங்குக்கு இரண்டு பேராய் ஏறி வருகின்றன.
இன்று என் கணக்கில் தமிழ் நாலு.

பதினேழு வருடமாய் நான் இங்கே
அடுத்தவர்களின் ‘நான்’.
நான் திருடினேன், நான் குத்தினேன்,
நான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை, புவான்,
என்றெல்லாம் சொல்லிவிட்டு
ஐந்தரைப் படகில் பட்டர்வொர்த் போகிறேன்.
கை சுத்தம்.
சில நாள் தொண்டை மட்டும் கட்டிக்கொள்ளும்.

மூன்றாவது வழக்கு.
வெள்ளையப்பன், த/பெ சின்னக்காளை, நாற்பத்தாறு வயது.
பாயான் லெப்பாஸில் ஒரு கட்டுமான இடம்.
செம்புக் கம்பி, பதினோரு கிலோ.
முன்னூற்று எழுபத்தொன்பதாம் பிரிவு.
வக்கீல் இல்லை.

மலாயில் இருந்த குற்றச்சாட்டைத்
தமிழில் இறக்கி வைக்கிறேன், உடையாமல்.
புரிகிறதா?
தலையாட்டுகிறார்.
நம் தலையாட்டல் தெரியும்தானே,
ஆமாவும் இல்லையும் ஒரே பக்கம் சாயும்.
பதிவுக் கருவிக்குக் கண் கிடையாது.
வாயால சொல்லுங்க, என்கிறேன்.
“புரியுதுங்கம்மா.”
புரியவில்லை. எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரிவது சாட்சியம் அல்ல.

ஒப்புக்கொள்கிறாரா, விசாரணை கேட்கிறாரா?

மேடையில் இருப்பவரைப் பார்க்காமல்
என்னைப் பார்க்கிறார்.
“நான் என்னம்மா சொல்லட்டும்?”

அதற்கு என்னிடம் பதில் உண்டு.
சொல்லத்தான் உரிமை இல்லை.
கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன் என்று
என்றைக்கோ சத்தியம் செய்து கொடுத்தாயிற்று.
அதனால் அந்தக் கேள்வியையே எடுத்து
மலாயில், உரக்க, மேடைக்கு அனுப்பினேன்:
நான் என்ன சொல்ல வேண்டும்?
பின்வரிசையில் ஒரு கான்ஸ்டபிள் சிரித்தான்.
மாஜிஸ்திரேட், என் மகள் வயதுப் பெண், சிரிக்கவில்லை.
பேனாவைக் கீழே வைத்தார்.
நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள்.

“எடுத்தேங்கம்மா.”

இங்கேயே நிறுத்தியிருக்கலாம்.
எடுத்தேன் என்றால் எடுத்ததுதான்.
மணி பன்னிரண்டரை, எல்லோருக்கும் பசி.
எனக்கு முன்னால் இந்த இடத்தில் ஒருவர் இருந்தார்,
நல்ல மனிதர்தான்.
முதல் வினைச்சொல் விழுந்ததும் புள்ளி வைத்துவிடுவார்.
அவர் காலத்தில் ஜெயில் வேன்
சாப்பாட்டுக்கு முன்பே நிரம்பிவிடும் என்பார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை.
வெள்ளையப்பன் காலில் ஒரு ஜப்பான் சிலிப்பர்,
வார் அறுந்து கம்பியால் முடிந்திருந்தது.
அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஆனா…” என்றார்.

“ஆனா, அது குப்பத்தொட்டிக்குப் பக்கத்துல கெடந்துச்சி.
வேணாம்னு தூக்கிப் போட்டதுன்னு நெனச்சேன்.”

தெத்தாப்பி, என்றேன் நான்.

என் மேசையில் அகராதிக்கு அடியில்
நாட்டின் அரசியலமைப்பு இருக்கிறது, அட்டை கிழிந்து.
ஐந்தாம் பிரிவில் பெரிய பெரிய சொற்கள்:
உயிர், சுதந்திரம், சட்டம்.
பிடித்தவனிடம் காரணம் சொல்,
வக்கீலைப் பார்க்க விடு,
இருபத்து நாலு மணிக்குள் கொண்டுவந்து நிறுத்து.
அவற்றை மாற்றுவதில் சிரமமே இல்லை.
ஆனா என்பதற்குத்தான் நின்று காத்திருக்க வேண்டியிருக்கிறது.
ஒன்றாம் வகுப்பில் முதல் முதலாக
சிலேட்டில் போட்ட எழுத்தின் பெயர் அது.
அதற்குள் ஒரு மனிதன் முழுசாக நிற்கலாம் என்று
எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

ஒப்புதல் ஏற்கப்படவில்லை.
விசாரணை கோருகிறார் எனக் குறிக்கப்பட்டது.
சட்ட உதவி வக்கீலுக்கு ஒரு கடிதம்.
ஜாமீன் இரண்டாயிரம் வெள்ளி.
அவரிடம் இரண்டாயிரம் இல்லை.

ஆகவே அதே ஊதாச் சட்டை, அதே படிக்கட்டு, கீழே.
ஒப்புக்கொண்டிருந்தால் ஒருவேளை
அபராதத்தோடு வீட்டுக்குப் போயிருப்பாரோ?
படகில் இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

போகும்போது திரும்பி,
“முடிஞ்சிருச்சாம்மா?” என்றார்.
அதையும் மாற்றிச் சொன்னேன்.
மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார், கோப்பை மூடினார்.
பெலும், என்றார்.

இன்னும் இல்லையாம்.