மூன்றாம் பாகத்தில் அவள் இல்லை

நூற்று எழுபது ரூபாய் டிக்கெட்.
சின்னப்பாலத்திலிருந்து நடை, பாம்பனில் பஸ்,
ராமநாதபுரம் போய்ச் சேர்வதற்குள் பையனுக்குப் பசி.
மூணேகால் மணி நேரப் படம்.
கேட்டதால் சொல்கிறேன் பெல்சியா,
மோசமில்லை.
ஆனால் கடல் தெரியாதவன் எடுத்த கடல்.

அரசன் பேர் இன்னும் வாயில் நுழையவில்லை,
முதல் பாகத்திலிருந்தே நமக்கு அவன் நீட்டுமுடி.
நீட்டுமுடி தண்ணீருக்குள் பாய்கிறான்,
மூச்சு முட்டாமல் வசனம் பேசுகிறான்.
அடியாழத்தில் ஓர் அரண்மனை, ஆயிரம் தூண்,
ஒன்றில்கூடப் பாசி இல்லை.
ஒரு வாரம் கிடந்த நங்கூரக் கயிறே
நமக்குப் பச்சை பிடித்து வழுக்குகிறது.
ஆயிரம் வருஷத்து அரண்மனையாம்.
யார் தேய்க்கிறார்கள்?

ராணி கூந்தலை விரித்துப் போட்டு நீந்துகிறாள்.
நீ ஒரு நாள் அப்படி
குருசடைப் பக்கம் முங்கிப் பார்,
வாயில் பாதி, பாரில் பாதி.

பத்தாயிரம் பேர் கப்பலேறுகிறார்கள்,
ஒருத்தன் வாந்தி எடுக்கவில்லை.
கச்சான் இல்லை, வாடை இல்லை,
பாய் மட்டும் எந்நேரமும் புடைத்தபடி.
தண்ணீர் இறைக்க ஆள் கிடையாது.
சண்டை முடிந்த மறுநாள்
கரையில் எதுவும் ஒதுங்கவில்லை,
யாரும் யாரையும் தேடி வரவில்லை,
கொம்பு ஊதி மகுடம் சூட்டிவிட்டார்கள்.

சிறகு முளைத்த அந்த விலாங்கைக் குறை சொல்ல மாட்டேன்.
அது நெருப்புக் கக்கியபோது
ரொசாரியன் நாற்காலி மேல் ஏறி நின்றான்,
பின்னாலிருந்தவர் திட்டினார்.
கண்ணை மூடும்போது குறுக்கே ஒரு சவ்வு வருகிறதே,
அதை வரைந்தவன்
எங்கேயோ சுறாவின் கண்ணைப் பார்த்திருக்கிறான்.

நான் போனது அதற்கில்லை.

இரண்டாம் பாகம் நினைவிருக்கிறதா?
போன தடைக்காலத்தில்
உன் கொழுந்தன் போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்து,
பாதியில் சார்ஜ் தீர்ந்து, மறுநாள் மீதி.
தீவு எரிகிறது,
சனமெல்லாம் கடலில் குதிக்கிறது,
ஓரத்தில் ஒருத்தி, மஞ்சள் துணி.
இறங்குவதற்கு முன்னால்
தலைத்துணியை இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள்,
இழுத்துப் பார்த்தாள்,
போதாதென்று இன்னொன்று.
பிறகு காலை முன்னால் விட்டு
சத்தமில்லாமல் உள்ளே போனாள்.
மூன்று விநாடி இருக்குமா?
நீ தேங்காய் சில்லெடுக்கப் போயிருந்தாய்.
திருப்பிப் போட்டுக் காட்டினேன்.
"கூட்டத்துல எவளோ ஒருத்தி" என்றாய்.

அந்த இரண்டாம் முடிச்சை
எந்த டைரக்டரும் சொல்லிக்கொடுக்க முடியாது.
எங்கோ ஒரு கரையில்
விரலுக்குத் துணி சுற்றி முங்குகிறவளை
நாள் கூலிக்குக் கூட்டிவந்து
நிறுத்தியிருக்கிறார்கள்.
மற்றவர்களெல்லாம் நடித்தார்கள்,
அவள் வேலைக்கு இறங்கினாள்.

நேற்று ஒவ்வொரு கூட்டத்திலும் தேடினேன்.
கப்பல் மேல்தளம், கோட்டை வாசல்,
முடிசூட்டும்போது பூ எறிகிறவர்கள்.
ஒரு தடவை மஞ்சள் தெரிந்தது,
குதிரைக்குப் போட்ட போர்வை.
கடைசியில் பேர்கள் ஓடின, எல்லாம் இங்கிலீஷ்.
ரொசாரியன் எழுத்துக்கூட்டிப் படித்தான்,
கூட்டுகிற அம்மா விளக்கைப் போட்டு
எழுந்திரி என்றாள்.
கடைசி பஸ்ஸை ஓடிப் பிடித்தோம்.

மகுடம் எவன் தலைக்குப் போனால் எனக்கென்ன.
அவள் கரையேறினாளா என்று
ஒரு வரி சொல்லியிருக்கலாம்.
யாராவது ஒருத்தன்
"அந்த மஞ்சள் துணிக்காரி?" என்று கேட்டிருந்தாலும் போதும்,
மூன்று பாகமும் நல்ல படம் என்றிருப்பேன்.

சரி, கண்ணாடியை எடு, வத்தையில் ஏறு.
நீர் ஏறுவதற்குள்
ஒரு மூட்டை மரிக்கொழுந்துப் பாசியாவது பார்ப்போம்,
வனத்துறைப் படகு இன்று அந்தப் பக்கம்தான் நிற்கிறதாம்.

நாலாம் பாகம் வருமென்று
படம் முடிந்ததும் ஒரு முட்டையைக் காட்டினார்கள்.
போவேன்தான்.
நீயும் வா,
அவ்வளவு பெரிய திரையில் தேட
எனக்கு இரண்டு கண் பற்றவில்லை.