பக்கம் பதினான்கு

கோடுகள் பிரேசிலிலிருந்து வருகின்றன.
கதை எங்கிருந்து வருகிறதென்று தெரியாது.
நிறம் மட்டும்
பகாவில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் தாமான் வீட்டில்,
மின்விசிறி மூன்றாம் எண்ணில் சுற்ற
என் கையிலிருந்து போகிறது.
பக்கத்துக்கு நாற்பது வெள்ளி.

இந்த மாதம் மினாகுரா குடும்பம்.
பதினோரு தலைமுறைப் பிரபுக்கள்.
அபின், ஆயுதம், ஒரு துறைமுகம், இரண்டு மந்திரிகள்.
வாசல் திரையில் குலச்சின்னம்:
ஒன்றையொன்று துரத்தும் இரண்டு கெண்டை,
பாண்டியன் கொடியிலிருந்து நழுவி
வடகிழக்கே நீந்திப் போனவை மாதிரி.
கொல்வதற்கு முன் தேநீர் ஊற்றுகிறார்கள்.
கொன்றபின் கவிதை எழுதுகிறார்கள்.
முகமூடிக்காரன் கூரையை உடைத்துக் குதிக்கும்போதும்
கிழவர் கிண்ணத்தைக் கீழே வைப்பதில்லை.

அம்மா தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
‘இவங்களும் கேங்குதானே,
எப்படி இவ்வளவு பெரிய வீடு?’

குறிப்பு வந்தது: பனி இன்னும் வெள்ளையாக.
நான் பனி பார்த்ததில்லை.
பிப்ரவரியில் பால்மரம் இலை கொட்டிப் பார்த்திருக்கிறேன்,
அதுவும் செம்பனை வருமுன்.
ஐஸ் கச்சாங் ஒரு கிண்ணம் வாங்கி மேசையில் வைத்து
உருகும்வரை உட்கார்ந்திருந்தேன்.
வெள்ளைக்குள் நீலம் இருக்கிறது.
ஓரத்தில், சிரப் இறங்காத இடத்தில், கொஞ்சம் ஊதா.
அனுப்பினேன். பிரமாதம் என்றார்கள்.

தம்பி கவினாஷுக்குத் திங்கட்கிழமை வழக்கு.
அவன் கூட்டத்துக்குக் கொடி இல்லை, திரை இல்லை,
இரண்டு இலக்கம்தான்.
அதையும் யாரோ பள்ளிச் சுவரில் கோணலாக எழுதியிருந்தார்கள்.
தலைமுறைக் கணக்கென்றால்
போன தீபாவளிக்குச் சேர்ந்தான்.
குற்றப்பத்திரிகையில் அப்பா பெயரே பிழை.
‘வலது தோளில் பச்சை: மீன் அல்லது டிராகன்’
என்று எழுதியிருக்கிறார் சார்ஜன்.
மீன்தான்.
நான் தூங்கும்போது திரையைப் படம்பிடித்துப் போய்க்
குத்திக்கொண்டு வந்திருக்கிறான்.
அடுத்த மாதம் வரவேண்டிய இதழ்
என் தம்பி தோளில் முன்னாடியே வெளியாகிவிட்டது,
ஒரு செவுள் குறைவாக.

பக்கம் பதினான்கு, பழைய நினைவு.
ஆண்டு 1943 என்று கட்டத்தின் மூலையில்.
கிழவரின் தகப்பன் ராணுவ உடுப்பில், பூட்ஸ் பளபளக்க.
பின்னால் காடு, தண்டவாளக் கட்டைகள்,
அப்புறம் ஏழு செங்குத்துக் கோடுகள்.
பிரேசில்காரனுக்கு அவை மரமாக இருக்கலாம்.
குறிப்பு: இதமான பழுப்பு.
பின்னணி முக்கியமில்லை.

எங்கள் தோட்டத்து செக்ரோல் ஒன்று
கோயில் அலமாரியில் கரையான் மிச்சம் வைத்துக் கிடக்கிறது.
ஒருமுறை புரட்டியிருக்கிறேன்.
பெயர், பெயர், பெயர்.
நேரே வருகைக் கட்டத்தில்
சயாம்,
சயாம்,
மேற்படி, மேற்படி.
அடுத்த மாதப் பக்கத்தில் கட்டங்கள் மட்டும்.

சொன்னபடி செய்தேன்.
பிரபுவுக்கு இதமான பழுப்பு,
பித்தளைப் பொத்தான்களில் ஒளிகூட வைத்தேன்.
நாற்பது வெள்ளி வேலையில் குறை சொல்லக்கூடாது.
ஏழு கோடுகளுக்குத்தான் நிறம் கிடைக்கவில்லை.
என் தட்டில் இருக்கும் தோல்கள் எல்லாம்
எங்கோ குளிர்நாட்டு வெயிலுக்குக் கலந்தவை.

ஜாமீனில் வந்தவன் பாயில் கவிழ்ந்து கிடந்தான்,
சட்டையில்லாமல், முதுகு விளக்கைப் பார்க்க.
கைப்பேசியை நீட்டிப் படமெடுத்தேன்.
மீனுக்குப் பக்கத்தில், பச்சை படாத இடத்திலிருந்து
ஒரு துளி எடுத்து
ஏழு பேருக்கும் பூசினேன்.
அச்சில் அரிசி அளவுகூட வராது.

ஏற்றும் பட்டை எண்பத்து மூன்றில் நின்றுவிட்டது.
மழை வந்தால் இப்படித்தான்.

கவினாஷ் புரண்டு கண்ணைத் திறந்தான்.
‘அக்கா,
அந்தக் குடும்பத்துக்கு லாயர் யாரு?’

‘கதையில வழக்கே வரலடா.’