பார்த்து அடி

நான் கட்டுகிறவன் இல்லை.
கட்டியதை உடைத்துக் கொடுப்பவன்.
பிடமனேரிப் பக்கம் ஒரு குளியலறை,
பதினாறு வருசத்து டைல்ஸ், வெளிர்பச்சை,
ஒன்றில்கூட விரிசல் இல்லை.
வீட்டுக்காரர் சம்பத்குமாருக்குப் பச்சை சலித்துவிட்டது.
இப்போது எல்லோரும் சாம்பல்தான் போடுகிறார்களாம்.

ஒருநாள் வேலை என்று
மூவாயிரத்து ஐந்நூறுக்குப் பேசினேன்.
பிரேக்கர் மெஷின் வாடகையும் அதற்குள்.
உடைத்ததை அள்ளிக் கொட்ட மாதம்மாள்.

பூசிவிட்டால் எல்லாச் சுவரும் நல்ல சுவர்.
போன மாசம் இலக்கியம்பட்டி மாடி வீட்டில்
தட்டியதும் பொத்தென்று உள்ளே போனது உளி.
செங்கல் இருக்க வேண்டிய இடத்தில்
சிமெண்டுச் சாக்கைச் சுருட்டித் திணித்து
மேலே வழவழவென்று பூசியிருந்தான் ஒரு புண்ணியவான்.
கிரகப்பிரவேசத்தன்று அவனுக்கும்
வேட்டி துண்டு வைத்துக் கொடுத்திருப்பார்கள்.
அப்படிப்பட்ட வீடுகள் எனக்கு லாபம்.
மத்தியானச் சோற்றுக்குள் முடிந்துவிடும்.

இது முடியவில்லை.
டைல்ஸ் பெயரவில்லை,
நகக்கண் அளவு நகக்கண் அளவாக உதிர்ந்தது.
மூலை நாலிலும் கலவை நிறைந்திருந்தது
(மூலையை யார் பார்க்கிறார்கள்?).
தூணும் செங்கல்லும் சேருகிற இடத்தில்
கோழிவலை, சாணுக்கு ஓர் ஆணி.
தரைக்கு அடியில் தார்ப்பூச்சு
சுவரில் ஓரடி ஏறி நின்றது,
ஈரமே, இதற்குமேல் வராதே என்று.
குழாய்க்கு இடப்பக்கம் ஒரே ஒரு டைல்ஸ் மட்டும்
தட்டினால் கொட்டாங்கச்சிச் சத்தம்.
அப்பாடா, இவனும் மனுசன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கூடையை இறக்கிவிட்டு மாதம்மாள் கேட்டாள்:
"எவன் கட்டினது? அவனுக்கு வேற பொழப்பே இல்லியா?"
நானும் திட்டினேன், வாய் கூசாமல்.
எவனோ அன்றைக்குக் கவனமாக இருந்ததற்கு
என் கையல்லவா இன்றைக்குக் கொப்புளிக்கிறது.

இரண்டாம் நாள் சாயங்காலம்
அந்தக் கொட்டாங்கச்சி டைல்ஸுக்கு வந்தேன்.
மெஷினை வைக்கவே இல்லை, உளி பட்டதும்
முழுசாகக் கழன்று கைக்கு வந்தது.
அதற்குப் பின்னால் மட்டும் கலவையை
ஓரத்தோடு நிறுத்தியிருக்கிறான்.
நடுவில், ஈரத்தில் கரண்டி நுனியால் கீறியது:

பாத்து அடி. உள்ளே பைப்.

பெயர் இல்லை, தேதி இல்லை.
மெஷினை அணைத்தேன்.
வீட்டுக்காரருக்கு எழுதியது இல்லை,
அவர் இதைப் பார்க்க வழியே இல்லை.
இந்தச் சுவரும் ஒருநாள் உடையும்,
உடைக்க ஒருத்தன் வருவான் என்று
கட்டும்போதே நினைத்திருக்கிறான்.
எனக்கு வருகிற கடுதாசியெல்லாம்
சங்கத்துக் கடன் நோட்டீஸ்தான்.
இது வேறு மாதிரி இருந்தது.

மாதம்மாளுக்குப் படித்துக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"அப்ப அவனைத் திட்டினது?"
"திட்டினது திட்டினதுதான்" என்றேன்.

மிச்சத்தைக் கையாலேயே கொத்தினேன்,
பல்லில் சிக்கியதை எடுப்பதுபோல.
அதற்கு இன்னொரு நாள் போனது.

கணக்குப் பார்க்கும்போது
பேசினதுதான் தர முடியும் என்றார் சம்பத்குமார்.
ஒரு குளியலறைக்கு மூன்று நாளா என்று சிரித்தார்.
பைப்புக்கு ஒன்றும் ஆகவில்லை சார் என்றேன்.
"ஏன் ஆகணும்?" என்றார்.

சுவரைக் காட்டலாம் என்று திரும்பினேன்.
செங்கல் மட்டும் நின்றது.
மற்றதெல்லாம் சாக்கு சாக்காக
வாசலில், டிராக்டருக்குக் காத்திருந்தது.
"ஐம்பத்தேழு மூட்டை" என்றாள் மாதம்மாள்,
இடுப்பைப் பிடித்துக்கொண்டு.
"ஒண்ணுகூட லேசில்ல."