நாற்பத்தொன்றாம் கட்டம்

பாத்திர அறையில்தான் வாசிக்கிறேன்.
முற்றத்தில் வாசித்தால் ஒலி மேலே ஏறி
அடுத்த தெருவில் போய் இறங்குகிறது.
வீட்டுக்காரர்கள் பினாங்கில்.
அவர்கள் சீருக்கு வாங்கிக் கட்டுப் பிரிக்காத அடுக்குகள்,
பெயர் வெட்டிய எவர்சில்வர், எனாமல் தூக்குகள்
கூரைவரை.
வியோலாவின் கீழ்த்தந்தியை இழுத்தால்
மூன்றாம் தட்டில் ஏதோ ஒன்று கூடவே முனகும்.
எதுவென்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஸ்பீக்கரை அரிசி டின்மேல் வைக்கிறேன்.
முதலில் ஒரு நாற்காலி நகரும்.
அப்புறம் பெலவேந்திரன் குரல்:
“ஒண்ணு, ரெண்டு”
மூன்றும் நான்கும் மூச்சிலேயே.
செல்லோ அவன். பியானோ கிளாடிஸ்.
காரைக்குடிக்கு எனக்கு மாற்றலான மறுவாரம்
திருச்சியில், அவள் வீட்டு மாடியில்
பதிந்து அனுப்பினார்கள்,
மூவர் வாசிப்பதை இருவராய்.

பதிவு யாருக்கும் நிற்காது.
கேஸ் சிலிண்டர்காரர் கதவைத் தட்டினாலும்
அவர்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.
தேவகோட்டை பஸ்ஸில் தொற்றுவதுபோல்
ஓடிப்போய் ஏறிக்கொள்ள வேண்டும் நான்.

நாற்பத்தொன்றாம் கட்டத்தில்
என் சுண்டுவிரல் எட்டாது.
ஆறு வருடமாய் அங்கே தடுக்குவேன்.
இந்த ஆடி முழுக்க அதையே வாசித்தேன்,
மெட்ரோனோமை நத்தையாய் நடக்கவிட்டு,
பின்னாலிருந்து முன்னால்,
ஆய்வகத்தில் மேசை விளிம்பிலும் விரலால்.

நேற்று இரவு தடுக்கவில்லை.
சரியான நொடியில் அந்தப் பக்கம் போய் இறங்கினேன்.
அங்கே யாருமில்லை.

ஒரு மூச்சு தாமதித்து
செல்லோ வந்தது, பியானோ வந்தது, சேர்ந்தே.
திரும்ப ஓட்டினேன்.
மறுபடியும் அதே மூச்சு.
தாளைப் பார்த்தேன். அங்கே நிறுத்தக் குறியில்லை.
நான் இல்லாத அறையில்
நான் தடுக்குவதற்கு இடம் விட்டு
வாசித்திருக்கிறார்கள்.

பெலவேந்திரனை அழைத்துக் கேட்டேன்.
“எங்க நின்னோம்? நேராத்தானே போனோம்.
உன் ஸ்பீக்கர் ஏதாவது இழுக்குதா பாரு.”
பின்னால் அவன் மகன் எதற்கோ அழுதான்.
அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டான்.

இன்னொரு தடவை போட்டேன்.
நாற்காலி. ஒண்ணு, ரெண்டு.
நாற்பது முடிந்ததும்
வில்லைத் தந்திமேலிருந்து எடுத்துவிட்டேன்.
அந்த இடைவெளியில்
முனகல் மட்டும் தனியாகக் கேட்டது.
மூன்றாம் தட்டு இல்லை, இரண்டாவது.
நீல எனாமல் தூக்கு.
மூடி கொஞ்சம் லூஸ்.