சான்றாவணம் பதினொன்று

அஸ்தம்பட்டியில் என் மாடி அலுவலகத்துக்கு
பன்னிரண்டு பேர் ஏறி வந்தார்கள்.
வாசலில் பன்னிரண்டு ஜோடி செருப்பு.
எல்லாவற்றிலும் இடது, வலதைவிட அதிகம் தேய்ந்திருந்தது.
ஏனோ அதைக் குறித்துக்கொண்டேன்.

கதவடைப்பு தொடங்கி இருபத்தாறு நாள்.
காயத்துக்குக் காப்பீடு கேட்டார்கள்,
அணி முதலாளி பயிற்சிக் கூடத்துக்குப் பூட்டுப் போட்டார்.
ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கம் சொல்கிறது:
இவர்கள் தொழிலாளிகள் அல்லர்,
சுயேச்சையான ஒப்பந்ததாரர்கள்.
சமரசப் பேச்சில் சென்னை வக்கீல் சிரித்தார்:
"கபடி ஆடுறது வேலையாம்மா? அப்ப கோலிகுண்டு?"
பதிலை இலவசமாகக் கொடுக்கிற பழக்கம் எனக்கில்லை.

அர்த்தநாரியைக் கூண்டில் ஏற்றலாம் என்றார்கள்.
ஐந்து ரோட்டில் அவன் முகம்
இன்னும் சிமெண்ட் மூட்டை விளம்பரத்தில் இருக்கிறது.
அதனால்தான் வேண்டாம் என்றேன்.
அவனைப் பார்த்தால் புகழ் தெரியும்,
கூலி தெரியாது.

கோப்பைகள் வீட்டிலேயே இருக்கட்டும்,
அபராதச் சீட்டுகளைக் கொண்டுவாருங்கள்.
தட்டுவடை எண்ணெய் பிடித்த பையில் வந்தன:
எடை எழுநூறு கிராம் கூடியதற்கு ஆயிரம்.
இரவு பத்துக்கு மேல் விளக்கு எரிந்ததற்கு ஐந்நூறு.
இம்தியாஸின் தங்கை நிச்சயதார்த்தத்துக்கு ஒரு நாள்:
அனுமதி மறுக்கப்பட்டது, முத்திரை.
சுயேச்சையான மனிதன் சாப்பிட்ட சோற்றை
எவன் தராசில் வைப்பான்?

சுவரோரம் ஒருவன் வாய் திறக்கவே இல்லை.
சடையன். ஏற்காட்டுக்கு மேலே, செம்மநத்தம் பக்கம்.
"எத்தனை மேட்ச்?"
மின்விசிறியைப் பார்த்தான்.
"எறங்கல மேடம்."
"ஒண்ணுகூட?"
"ஒண்ணுகூட."
ஐந்து மாதம், காலை ஐந்தரைக்குப் பயிற்சி,
மாலையில் சீருடை, முழங்கால் கட்டு,
கோட்டுக்கு வெளியே பெஞ்ச்.
அவன் செருப்பும் இடதுதான் தேய்ந்திருந்தது.

அவன்தான் என் முதல் சாட்சி.

ஆடியவனை நிறுத்தினால் விளையாட்டு என்பார்கள்.
ஆடாதவனுக்கு மாதம் பதினெட்டாயிரம் எதற்கு?
கூப்பிட்டால் வருவதற்கு.
தீயணைப்பு வண்டி ஓட்டுநருக்குக் கொடுக்கிற மாதிரி.
சடையனுக்குச் சட்டம் உடனே புரிந்தது.
அவன் பிரச்சினை வேறு:
"எங்கம்மா டிவில தேடும் மேடம்.
கூட்டத்துல தெரியலன்னு சொல்லி வச்சிருக்கேன்.
பேப்பர்ல வருமா?"

வரும் என்றேன்.
குறுக்கு விசாரணைக்குப் போகிறவனிடம் பொய் சொன்னால்
அது அவன் வாய் வழியாக வெளியே வரும்.

செவ்வாய்க்கிழமை முதல் பேருந்தில்
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
வாந்தி எடுத்த முகத்தோடு வந்தான்.
சென்னை வக்கீல் அர்த்தநாரிக்காகத் தயாரித்திருந்தார்:
கார், விளம்பரம், துபாய்ப் பயணம், நாற்பது பக்கம்.
எல்லாவற்றையும் மேசையில் கவிழ்த்துவிட்டு
கையில் கிடைத்ததைக் கேட்டார்:
"ஒரு மேட்ச்கூட ஆடலைங்கறது உண்மைதானே?"

தட்டச்சர் விரலைத் தூக்கிக் காத்திருந்தார்.

"உண்மைதாங்க. கூப்பிடுவாங்கன்னு
தெனமும் ஷூ லேஸ் கட்டிக்கிட்டு இருந்தேன்.
கட்டலைன்னா எரநூறு ரூபா பிடிப்பாங்க."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
"அந்தச் சீட்டு இருக்கா?"
இருந்தது. சான்றாவணம் பதினொன்று.

அன்றிரவே அர்த்தநாரியின் போனுக்குச் செய்தி வந்தது:
வழக்கைத் திரும்பப் பெற்றால் காப்பீடு உண்டு,
களமிறங்கியவர்களுக்கு மட்டும்.
பதினொருவரைப் பிரித்தெடுக்கும் சுத்தமான வாக்கியம்,
நானே எழுதியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.

அர்த்தநாரி சத்தமாகப் படித்தான்.
போனைக் கவிழ்த்து வைத்தான்.
"நாங்களும் எறங்கலன்னு எழுதிக்குங்க மேடம்."
"பொய் எழுத மாட்டேன்."
"பொய்யா? பூட்டுப் போட்டதுலேர்ந்து
எவன் எறங்கினான்?"

வாதமாக நிற்குமா, தெரியாது.
எழுதிக்கொண்டேன்.