இடது கைக்கு ஏழு கொக்கி

முதல்ல வலது கையை விடுங்க, உலகம்மக்கா.
அது சும்மா கை, தன்பாட்டுக்கு நுழையும்.
இடது கையை அப்படி நுழைக்கக்கூடாது.
தோள்ல இருந்து முழங்கை வரைக்கும்
முன்பக்கம் தொறந்தே வச்சிருக்கேன். ஏழு கொக்கி.
கையை மடியில படுக்கப் போட்டு
துணியை மேல போத்தி
மேலேருந்து கீழ மாட்டிக்கிட்டே வாங்க.
கீழேருந்து மாட்டினா இறுக்கும்.
இறுக்கினா அது நின்னுபோகும்னு
நீங்கதானே சொன்னீங்க.

அளவெடுக்க வந்த அன்னைக்கு
டேப்பை அந்தக் கையில சுத்தினேன்.
விரலுக்கடியில கிர்ர்ருனு என்னமோ ஓடிச்சு.
மேலப்பாளையத்துல பொறந்தநாள்லேருந்து
மிஷின் சத்தத்துல தூங்கி எந்திரிக்கவ நான்,
தோலுக்குள்ள ஒண்ணு ஓடி இப்பத்தான் பாக்கேன்.
வெடுக்குனு கையை எடுத்துட்டேன்.
நீங்க சிரிச்சீங்க.
"ஓடுனாதாம்மா நல்லது.
ராத்திரி முழிப்பு வந்தா
காதுல வச்சுக் கேட்டுக்கிடுவேன்."

அளவும் உங்களுக்கு ஒண்ணு இல்லை.
வெள்ளிக்கிழமை உடம்புக்கு முப்பத்தேழு,
ஞாயிற்றுக்கிழமை உடம்புக்கு முப்பத்தாறு.
அதான் மார்புல வளையம் ரெண்டு வரிசை.
தண்ணி ஏறின நாளுக்கு ஓரத்து வரிசை,
இறக்கின நாளுக்கு உள்வரிசை.
மாத்திப் போட்டுட்டு
பாத்திமா தையல் சரியில்லைனு சொல்லப்படாது.

போன்ல படம் காட்டினேன்,
மயிலு, மாங்கா, பல்லக்கு, யானை.
ஒவ்வொண்ணாத் தள்ளிவிட்டுட்டு
"நுங்கு போடு"ன்னீங்க.
நுங்கா?
"திங்கத்தான் கூடாதுன்னாரு டாக்டர்.
உடுத்தக்கூடாதுனு சொல்லலை."

நுங்கு எப்படிப் போடணும்னு எந்தப் புஸ்தகத்துலயும் இல்லை.
பேட்டை ரோட்டு வண்டியில வாங்கி
சீவி, காட்டைக்குப் பக்கத்துலயே வச்சுப் பாத்தேன்.
மத்தியானத்துக்குள்ள சுருங்கிப்போச்சு, தின்னுட்டேன்.
மறுநாளும் வாங்கினேன்.
நாலு நாள், எட்டுக் காய்.
உங்ககிட்ட இதைச் சொல்லக்கூடாதுனுதான் இருந்தேன்.

தோலுக்குக் கருநீலப் பட்டுநூல்,
கண்ணு மூணுக்கும் வெள்ளையில சங்கிலித் தையல்,
கரை ஓரமா ஒரு சாம்பல் இழை.
அந்தத் தண்ணி நிக்கிற இடத்துக்கு
என்ன வச்சும் சரியா வரலை.
ஜர்தோசி வச்சா மோதிரமாட்டம் இருக்கு,
குந்தன் வச்சா கண்ணு முழிக்குது.
கடைசியில ஒரே ஒரு கண்ணாடி மணி,
நூல் தெரியாமக் கோத்தேன்.

ஆமா, யாரு கல்யாணத்துக்குனு
பாதி வேலையிலதான் கேட்டேன்.
தென்காசியில தம்பி மகளுக்கோனு நானா நெனச்சுக்கிட்டேன்.
"சனிக்கிழமை உடுத்தணும்."
சனிக்கிழமை ஆஸ்பத்திரில்லா?
"அதுக்குத்தான்.
ஹைகிரவுண்டுல நாலாம் நம்பர் கட்டிலு.
வாரத்துக்குப் பன்னெண்டு மணிநேரம்.
எந்த விசேஷ வீட்டுல யாரு என்னை
அவ்வளவு நேரம் உக்கார வச்சுப் பாக்கா?"

அன்னைக்கு ராத்திரியே
முதுகுல வச்ச கல்லு அம்புட்டையும் பிரிச்சேன்.
சாஞ்சு படுத்தாக் குத்தும்.
இப்ப முதுகு வெறும் பாசிப்பச்சைத் துணி.
காசைக் குறைச்சுட்டேன், நூலைக் குறைக்கலை.

சிஸ்டர் ஊசியோட வரும்போது
நாலாவதும் அஞ்சாவதும் கழட்டினாப் போதும்.
நுங்கு ரெண்டாப் பிளக்கும்.
பதறாதீங்க, கொக்கிக்கு இந்தப் பக்கம் பாதி
அந்தப் பக்கம் பாதினுதான் வரைஞ்சிருக்கேன்.
நாலு மணிநேரம் கழிச்சு
பஞ்சு ஒட்டி, ரத்தம் நின்னதும்
மெதுவா மாட்டுங்க. காய் கூடிக்கிடும்.

சென்ட் அடிக்கப்படாது, கறுத்துப்போகும்.
உள்பக்கம் வெளிய வர மடிச்சு
பழைய வேட்டியில சுத்தி வைங்க.
ரத்தம் பட்டா ஈரப்பஞ்சால ஒத்துங்க, தேய்க்காதீங்க.
மத்தபடி
தண்ணியைக் கிட்டயே விடாதீங்க.

என்ன சிரிப்பு?

"ஏ பாத்திமா,
நீயுமாளா?"

சரி சரி, கையை நீட்டுங்க.
ஒண்ணாவது கொக்கி.