ரத்து

மார்ச் கடைசி வாரம், இண்டியானாபொலிஸ்.
நடைபாதையோரம் அழுக்குப் பனி இன்னும் கரையவில்லை.
விடுதியின் இரண்டாம் தளத்தில்
முன்பதிவு மேசை என்னுடையது.
காலை மின்னஞ்சலில்
பம்பு தயாரிப்பாளர்கள் சங்கம்
நானூறு அறைகளையும் மூன்று இரவுகளையும்
ஆயிரத்து இருநூறு மதிய உணவுகளையும்
எனக்காக ரத்து செய்திருந்தது.

என் பெயர் அதில் இல்லை.
'எவரையும் ஒதுக்க இடம் தரும் சட்டம் உள்ள மாநிலத்தில்
எங்கள் உறுப்பினர்கள் கூட மாட்டார்கள்.'
அந்த எவரும் நான்தான்.
அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது,
இசக்கிமுத்துவை இஸ்ஸியாக்கி
சட்டையில் குத்தியிருப்பவனை
அதற்குமேல் யாரும் விசாரித்ததில்லை.

சட்டத்தைப் படித்தேன், இரண்டு முறை,
வாடகை ஒப்பந்தம் படிப்பதுபோல.
என்னைப் பற்றி ஒரு சொல் கிடையாது.
கடவுள் இருந்தார். மனசாட்சி இருந்தது.
நம்பிக்கையின் மீது ஏறும் சுமை என்று ஒரு தொடர்.
சுமை யார் என்று எழுதியிருக்கவில்லை.
பூக்கடை லுடீனுக்கு அது புரிந்துவிட்டது.
மூன்று வருடமாகச் செவ்வாய்தோறும்
டெரன்ஸும் நானும் யூகலிப்டஸ் கொத்து வாங்கும் கடை.
அவள் மறுக்கவில்லை. கத்தரிக்கோலை நிறுத்தி,
முதன்முறையாக, "யாருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.
"என் அம்மாவுக்கு" என்றான் டெரன்ஸ்.
அவன் அம்மா இறந்து ஒன்பது வருடம்.

மேலாளர் ஹால்டர்சன் கணக்குப் போட்டார்.
வெள்ளிக்கிழமை மதியங்களில்
மணிக்கட்டைத் தளரவிட்டு நடந்து காட்டிச்
சிரிக்கவைக்கும் மனிதர்.
அன்று சிரிக்கவில்லை.
வர்த்தகர் சங்கத்திலிருந்து
வானவில் வில்லை ஒரு பெட்டி வந்தது, நூறு உருப்படி.
ஒன்றை என்னிடம் நீட்டினார்:
"குத்திக்கோ இஸ்ஸி. வியாபாரம்."
குத்திக்கொண்டேன்.
என்னுடையதை நான் பகலில் அணிந்த முதல் நாள்
மேலிடத்து உத்தரவின்படி.

மாரிபெல் தளம் பெருக்கியபடி வந்தாள்.
ஏப்ரலில் அவளுக்குப் பதினோரு மணி நேரம் குறைத்திருந்தார்கள்.
புதன்கிழமை ஜெபத்தில்
அந்தச் சட்டம் நிறைவேறக் கை உயர்த்தியவள் அவள்,
என்னிடமே சொல்லியிருக்கிறாள், ஆரஞ்சுச் சுளை தந்தபடி.
"எதுக்காம் இந்த ரத்து?"
சொன்னேன். யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னேன்.
வில்லையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"நானூறு அறைக்கு எத்தனை தலையணை உறை தெரியுமா?" என்றாள்.
எனக்குத் தெரியும். ஆயிரத்து அறுநூறு.
மன்னிப்புக் கேட்க வாய் எடுத்து
யார் யாரிடம் என்று தெரியாமல்
மூடிக்கொண்டேன்.

பணம் என்றால் பிணமும் வாய்திறக்கும் என்பார்கள்.
திறந்தது. நன்றாகவே பேசியது.
மருந்துக் கம்பெனி பேசியது, மென்பொருள் பேசியது,
பந்து விளையாட்டு பேசியது.
ஊர்வலத்தில் எங்கள் தொண்டை கட்டிப்போன இடத்தில்
ஒரு கம்பெனியின் வருத்தம் தெரிவிக்கும் கடிதம்
கதவைத் தள்ளிக்கொண்டு போனது.
ஏழாம் நாள் சட்டத்தில் ஒரு பத்தி சேர்த்தார்கள்.

நான் மகிழ்ந்தேன், பொய் சொல்லவில்லை.
டெரன்ஸ் அன்று சமையலறையில் பாடினான், சுதி இல்லாமல்.
ஆனாலும் ராத்திரி படுக்கையில் ஒரு கணக்கு:
என் மதிப்பு நானூறு அறையா?
முந்நூற்றுப் பத்தென்றால் போதாதா?
பம்பு செய்பவர்கள் இல்லாத சிற்றூரில்
என்னைப் போல ஒருவன்
எதை ரத்து செய்து காட்டுவான்?

திங்கட்கிழமை மின்னஞ்சல் வந்தது.
'மகிழ்ச்சி. இருநூற்று அறுபது அறைகளை
மீண்டும் எடுத்துக்கொள்கிறோம்.
பதினைந்து சதவீதத் தள்ளுபடியை எதிர்பார்க்கிறோம்.'
பன்னிரண்டுக்குப் பேசி முடித்தேன்.
ஹால்டர்சன் தோளில் தட்டினார்,
வில்லைகளைத் திரும்ப வாங்கிப் பெட்டியில் போட்டார்,
"அடுத்த தடவைக்கு."
கோட்டில் இரண்டு ஊசித் துளைகள் தங்கிவிட்டன.

செவ்வாய்.
லுடீன் கடைக் கண்ணாடியில்
'அனைவரும் வருக' என்று ஒரு ஒட்டி,
ஒரு மூலை இன்னும் ஒட்டவில்லை.
கொத்தைக் கட்டிக்கொண்டே கேட்டாள்,
அதே குரல், "யாருக்கு?"

டெரன்ஸ் என்னைப் பார்த்தான்.
"பதினெட்டு டாலரா?" என்று கேட்டு
இருபதை மேசையில் வைத்தேன்.
பிறகு, மீதியை அவள் எண்ணும்போது,
"எங்களுக்கு" என்றேன்.